பழைய வான் பற்றரியை சோலர் பனலில் பூட்டி வீட்டுக்குள் சார்ஜ் செய்யலாமா?

கையில் 100 வாற் சோலர் பனல் ஒன்றும், வான் வண்டியிலிருந்து கழற்றிய 12 வோல்ற் பற்றரி ஒன்றும் இருப்பதாகவும், பனலிலிருந்து பற்றரிக்குப் போகும் மின்னைக் கட்டுப்படுத்தும் நல்ல கொன்றோலர் ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டால் பயமில்லைதானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொன்றோலர் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை வாங்குவதற்கு முன் அந்தப் பற்றரியைச் சோதித்துவிடுங்கள். கொன்றோலர் இருந்தும் ஆபத்தின் விளிம்புவரை போன வீடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணம் கோப்பாயில் என் சின்னம்மாவின் வீடு. 2022இல் மின்வெட்டு நீண்ட நாட்களில் இரண்டு பல்பும் ஒரு சின்ன மின்விசிறியும் ஓடட்டும் என்று, உங்களைப் போலவே பழைய பற்றரி ஒன்றை வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒரு சித்திரை மாத மத்தியானம் போயிருந்தேன். "தம்பி, படிக்குக் கீழே எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று ஒருக்கால் பார்" என்றார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்தால் கூழ்முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. பற்றரியின் பக்கச் சுவர் பிதுங்கியிருந்தது. தொட்ட கையை உடனே எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. அதற்கு நேர் மேலே பலகையில் கொன்றோலர், பச்சை விளக்கு மினுங்க, 13.1 வோல்ற் என்று காட்டிக்கொண்டிருந்தது. அலுமாரிக்கு அடுத்த சுவர் சாமி அறை. பின்னேரம் ஆறு மணிக்கு அங்கே விளக்கு ஏற்றுவார்கள்.

எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, எந்தச் சுவிட்சையும் தொடாமல், மேலே ஏறிப் பனலைச் சாக்கால் மூடினேன். வெயில் படாவிட்டால் மின்னோட்டம் இல்லை. வயரை அப்போதே இழுத்துக் கழற்றியிருந்தால் அந்த இடத்தில் ஒரு பொறி பறந்திருக்கலாம். ஈய அமிலப் பற்றரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். கூழ்முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டினுடையது. அதுவும் நஞ்சு, நின்று மோந்துகொண்டிருக்கக் கூடாது.

மறுநாள் ஆறிய பிறகு அளந்தேன். 10.6 வோல்ற். விஷயம் அதிலேயே விளங்கிவிட்டது. 12 வோல்ற் பற்றரிக்குள் ஆறு அறைகள். நன்றாக சார்ஜ் ஆன ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும். ஐந்து அறைகள்தான் உயிரோடு இருந்தன. கொன்றோலரோ 14.4 வோல்ற் வரும்வரை மின்னைக் குறைக்காது. ஐந்து அறைகளால் அந்த அளவை எட்ட முடியாது. ஆகவே அது "இன்னும் நிரம்பவில்லை" என்று நினைத்து, பகல் முழுக்க ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கருவியில் பிழை இல்லை. அதற்குப் பொய்க் கணக்குக் கொடுத்தது பற்றரி.

அதனால் உங்கள் பற்றரியைக் கடையில் முழுமையாக சார்ஜ் செய்வித்து, எதையும் பூட்டாமல் ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் மீற்றரால் பாருங்கள். 12.6, 12.7 நின்றால் நல்லது. 10.5 பக்கம் நின்றால் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், காசைப் பார்க்க வேண்டாம். மூடி திறக்கும் வகையானால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரால் ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் அதுவும் போகப் போகிற பற்றரிதான்.

தேறிவிட்டால், வீட்டுக்குள் வேண்டாம். மழைச் சாரலும் வெயிலும் படாத பின் விறாந்தை நல்ல இடம். பெட்டியில் வைப்பதானால் மேல்பக்கத்தில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும், ஐதரசன் மேலே எழும் வாயு. கொன்றோலரைப் பற்றரிக்கு மேலே மாட்டாமல் பக்கத்துச் சுவரில், ஒரு முழமாவது தள்ளி மாட்டுங்கள். பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வயருக்கு ஏற்ற பியூஸ் போடுங்கள். பற்றரி குறுக்கிணைந்தால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும், வயர் சிவந்து எரியும். கை மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

நம் ஊர் வெக்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 14.4 என்பது 25 பாகைக்குச் சொல்லும் அளவு. பற்றரி 35 பாகையில் இருந்தால் 14.1, 14.2 போதும். வெப்பநிலை உணரி உள்ள கொன்றோலர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும். இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சின்னம்மா வீட்டில் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். நம் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீர் பற்றரிக்கு நஞ்சு. அமிலம் ஊற்றவும் வேண்டாம், குறைவது நீர்தான். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வான் பற்றரி ஆழமாக வற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. 12.2க்குக் கீழே இறங்க விடாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் பனல் அரைவாசிகூடத் தராது, அந்த மாதங்களில் மின்விசிறியை விட்டு ஒரு பல்போடு நிறுத்துங்கள்.

ஓர் இரவு வைத்த பிறகு மீற்றர் எத்தனை காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள். பற்றரி தேறியது என்றால் எந்த அளவுக் கொன்றோலர், எவ்வளவு தடித்த வயர் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை பனலைக் குப்புறக் கவிழ்த்தே வைத்திருங்கள்.