கவாத்துக் கத்தியும் கிளான் ஊர் வாத்தியாரும்

தம்பி,

சுவிட்சர்லாந்தில் இந்த லொசானுக்கு வந்து நாலு மாதமாகிறது, வேலையில் குறையில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் நெஞ்சை அடைக்கிறது என்று எழுதியிருந்தாய். தினமும் காலையில் போனுக்கு ஒரு அறிஞர் பொன்மொழி வருகிறது, படித்ததும் தெம்பாக இருக்கிறது, மத்தியானத்துக்குள் கரைந்துவிடுகிறது என்றாய். "இந்தப் பெரியவங்க சொன்னதெல்லாம் நிஜமாவே யாருக்காவது உதவியிருக்கா அக்கா?" என்று கேட்டாய். எனக்கு உதவியிருக்கிறது. ஆனால் எதுவுமே தனியாக வந்து உதவவில்லை, யாராவது ஒரு ஆள் வழியாகத்தான் வந்தது.

நீ சேரம்பாடி, நான் கோத்தகிரி, ரெண்டும் நீலகிரி மலைதான். ரெண்டு பேர் வீட்டிலும் சிலோன் கதை உண்டு. மலையகத் தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு என் அப்பா கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் டேன்டீ என்கிற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர். காகிதத்தில் அவர் 'தாயகம் திரும்பியவர்'. ஊரில் 'சிலோன்காரன்'. நீயும் நானும் இங்கே படுவதை அவர் நம் மலையிலேயே பட்டுவிட்டார்.

தோட்டத்தில் வரிசையாகக் கட்டின எங்கள் லயன் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு அது ஒட்டவில்லை. அவர் பிடித்துக்கொண்டது அடுத்த அடியை: 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'. தேயிலைச் செடியைக் கிளை வெட்டிவிடுகிற கவாத்து நேரத்தில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவார். கத்தி சரிவாக இறங்க வேண்டும். தட்டையாக வெட்டினால் அந்த முகத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, தண்டு உள்ளுக்குள் அழுகிக்கொண்டே போகும். வெட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மழையக் குத்தம் சொல்லாத, வெட்டப் பாரு" என்பார். புறநானூறு 192-க்கு இதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை.

அதே அடியை நான் தப்பாகவும் பிடித்துக்கொண்டேன். இங்கே முதலில் வேலை பார்த்த இடத்தில் கூடுதல் நேரத்துக்குக் காசு தரவில்லை. 'பிறர்தர வாரா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதினோரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் போனில் சொன்னதும் கத்தினார்: "வெட்டு சரியா இருந்தும் எவனோ செடியப் புடுங்கிட்டுப் போனா? அதுக்குத்தான சங்கம் இருக்கு!" இங்கேயும் தொழிற்சங்கம் இருக்கிறது. போனேன், பணம் வந்தது. காலண்டர் என்னைத் திருத்தியிருக்காது, தம்பி. அப்பா திருத்தினார்.

ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் நாராயண குருகுலத்தைப் பார்த்திருப்பாய். 1923-ல் குருகுலத்தைத் தொடங்கிய நடராஜ குரு, நாராயண குருவின் சீடர். நடராஜ குருவின் அப்பா டாக்டர் பல்பு. கேரளத்தில் ஒடுக்கப்பட்ட ஈழவர் சாதி என்பதற்காகத் திருவிதாங்கூர் அரசு வேலை மறுத்ததால், மைசூர் சமஸ்தானத்துக்குப் போய் மருத்துவராக இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளை பாரிஸுக்கு வந்து, சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? கற்பித்தலில் ஆள் என்கிற அம்சத்துக்கு இருக்கிற பங்கு. ஐரோப்பாவில் இருந்த அந்த வருஷங்களில் அவர் வாத்தியார் வேலை பார்த்தது கிளானில். லொசானுக்கும் ஜெனீவாவுக்கும் நடுவே, ஏரிக்கரையில் இருக்கிற அதே கிளான்தான். இது தெரிந்த நாளிலிருந்து ரயில் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். நம் மலைக்காற்றைச் சுவாசித்த ஒருவர் இந்தக் குளிரில் இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டி. முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. சாப்பாடு முடிந்ததும் அவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவார். நான் துடைத்து வைக்கிற ஒவ்வொன்றையும் தூக்கிப் பேர் சொல்வார்: கரண்டி, முள்கரண்டி, வடிகட்டி. நான் சரியாகச் சொன்னால்தான் திருப்பித் தருவார். முதலில் எனக்கு அவரைப் பார்த்தால் பயம், வெள்ளைக்காரப் பெரிய மனுஷி என்று. ஒருநாள் கையைக் காட்டினார். திராட்சைத் தோட்டத்தில் கிளை வெட்டிக் காய்த்த கை, அப்பாவின் கை மாதிரியே. 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று அதே பாட்டு முடிகிறது. வெளிநாட்டில் எனக்கு அதிகம் வேலைக்கு ஆனது இந்த அடிதான். உன் மேலாளரைப் பார்த்து வாய் பிளக்காதே. உன் கட்டடத்தில் தரை துடைக்கிற ஈழத்து அண்ணனை விசாரிக்காமல் தாண்டிப் போகாதே. அவர் இங்கே வந்து முப்பது வருஷம் ஆகியிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமையை எப்படித் தள்ளுவது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

போனுக்கு வருகிற மொழிகளை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் உனக்கு உறுத்துகிற ஒன்றை மட்டும் எடுத்து வை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு லொசான் ஸ்டேஷன் கடிகாரத்தடியில் நிற்கிறேன். கிளானில் இறங்கி ஏரி வரை நடப்போம், அந்த ஒன்றைப் பற்றிச் சண்டை போடுவோம். சாயங்காலம் வீட்டுக்கு வா. அம்மா அனுப்பின கோத்தகிரித் தேயிலைத் தூள் அரைக் கிலோ இருக்கிறது, வரும்போது பால் மட்டும் வாங்கி வா.