கை துவள்வதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். ஒன்பது நாள் முன்பு பைக்கிலிருந்து விழுந்து வலது மேல்கை எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. முதலில் புத்தூர்க் கட்டு போட்டோம். இப்போது ஆஸ்பத்திரியில் சிறு துளை வழியாக பிளேட் வைக்கலாம் என்கிறார்கள். எலும்பைப் பார்க்காமல் எப்படி வைப்பார்கள்? நரம்பு அறுந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பிளேட் துருப்பிடிக்குமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். விரலெல்லாம் அசைகிறது, டம்ளரைப் பிடித்தால் மட்டும் கை துவண்டுவிடுகிறது.
– வாசகி, பள்ளிப்பட்டு வட்டம்

பதில்: அம்மா, கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது.

மணிக்கட்டைத் தூக்குவது ரேடியல் நரம்பின் வேலை. அது மேல்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டியே சுற்றி வருகிறது. எலும்பு நடுவில் முறியும்போது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதுவும் அடிபடும். விரலை மடக்குவது வேறு நரம்புகள். விரலின் நடு மூட்டை நீட்டுவதும் அவைதான். அதனால்தான் விரல் அசைவதைப் பார்த்து வீட்டில் ஏமாந்துபோகிறார்கள்.

இப்போதே பாருங்கள். முன்கையை மேஜைமேல் உள்ளங்கை கீழே பார்க்க வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலைப் பக்கவாட்டில் விரித்து உயர்த்தச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் தொட்டால் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

விழுந்த அன்றிலிருந்தே தூக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் நரம்பு நசுங்கியிருக்கும், அறுந்திருக்காது. அநேகம் பேருக்குச் சில மாதங்களில் தானே திரும்பிவிடும். அதுவரை மணிக்கட்டு தொங்காமல் பட்டை போட்டால் போதும். அன்று தூக்கியவர், எலும்பை இழுத்துக் கட்டிய பிறகு தூக்க முடியாமல் போயிருந்தால் விஷயம் வேறு. முறிந்த முனைகளுக்கு நடுவே நரம்பு சிக்கியிருக்கலாம், கட்டு அழுத்தியிருக்கலாம். திருத்தணியோ திருப்பதியோ, எலும்பு மருத்துவரிடம் இன்றே போங்கள். கட்டு இன்னும் இருந்தால் தளர்த்திவிட்டு, கையை இழுத்து நிமிர்த்தாமல் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டிக் கூட்டிப்போங்கள். கட்டை நான் பழிக்கவில்லை. மேல்கை எலும்பு அசையாமல் இருந்தாலே பெரும்பாலும் கூடிவிடும் எலும்புதான். எக்ஸ்ரே இல்லாமல் இழுப்பதும், வீக்கத்தின்மேல் இறுக்குவதும்தான் கெடுதல்.

மருத்துவருக்கு இது முன்பே தெரிய வேண்டும். துளை வழி பிளேட்டில் அவர் அந்த நரம்பைத் திறந்து பார்ப்பதில்லை. கட்டிய பிறகு கை துவண்டது என்று சொன்னால், முறையை மாற்றி, திறந்து நரம்பைப் பார்த்தே பிளேட் வைக்க நினைப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு சொன்னால், எப்போது வந்தது என்றே யாருக்கும் தெரியாது.

நரம்பு நன்றாக இருந்தால் துளை முறைக்கு அஞ்ச வேண்டாம். தோளுக்குக் கீழே ஒன்று, முழங்கைக்கு மேலே ஒன்று, தலா 3 முதல் 5 செ.மீ. கீறல். தசைக்கு அடியில், எலும்பின் முன்பக்கமாக நீளமான பிளேட்டை நுழைத்து, மேலும் கீழும் இரண்டு மூன்று ஸ்க்ரூ. சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் எலும்பைப் பார்த்துக்கொண்டேதான் செய்கிறார்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்கையைத் திருப்பி வைப்பார்கள், அப்போது நரம்பு பிளேட்டின் வழியிலிருந்து விலகும். கீழ்க் கீறலில் வெளிப்பக்கத்தைக் கம்பியால் அழுத்தி விலக்கினால் நரம்புக்கு ஆபத்து, அனுபவமுள்ளவர் அதைச் செய்யமாட்டார். முறிவைத் திறக்காததால் அங்கே உறைந்த ரத்தமும் எலும்பு உறையும் கலையாது, எலும்பு கூடுவது அவற்றிலிருந்துதான். இதில் வரக்கூடிய உண்மையான குறை, எலும்பு லேசாக முறுக்கிக்கொண்டு சேர்வது. திரையில் இரு முனைகளின் தடிமன் பொருந்துகிறதா என்று பார்த்து அதைத் தவிர்ப்பார்கள்.

நாள் கடத்தவும் வேண்டாம். மூன்று வாரம் தாண்டினால் எலும்பு கோணலாகவே கூடத் தொடங்கிவிடும், பிறகு துளை வழியாக நிமிர்த்துவது கஷ்டம். பிளேட்டே இல்லாமல் பிரேஸ் (மேல்கையைச் சுற்றிப் பிடிக்கும் உறை) போட்டு ஆற்ற முடியுமா என்றும் கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான்.

பிளேட் துருப்பிடிக்காது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், பிளேட் பக்கத்தில் மட்டும் படம் மங்கும். பெரியவர்களுக்குப் பொதுவாகக் கழற்றுவதுமில்லை.

மெடிக்கல் மாத்திரையை நிறுத்துங்கள். விரலை நீட்டினாலே வலி உயிர்போகிறது, மேலும் மேலும் ஏறுகிறது என்றால் அது கட்டுக்குள் தசை நெரிபடும் அறிகுறி. அந்த வலியை மாத்திரையால் அமுக்கினால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

ஆபரேஷனுக்கு மறுநாளே முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். தறி ஓட்டுவது எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்த பிறகுதான், மூன்று நான்கு மாதம் ஆகும். பீடி பிடிப்பவராக இருந்தால் அது இன்னும் தள்ளிப்போகும்.