லாக் புக் யாருடையது?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் கைட்ஸில், அதாவது சாரணியர் குழுவில் இருக்கிறாள். முதல் படியான பிரதம் சோபான் முடித்துவிட்டாள், இப்போது இரண்டாம் படியான துவிதிய சோபான் தேர்வு வரப்போகிறது. அங்கே செய்ததையெல்லாம் பதிவு செய்யும் நோட்டான லாக் புக் முழுவதும் நான்தான் எழுதுகிறேன், படமும் நான்தான் வரைகிறேன். முடிச்சுகள் ஒட்டிய அட்டை கடையிலேயே கிடைத்தது, வாங்கி வைத்துவிட்டோம். மிஸ்ஸும் 'வெரி குட்' போட்டிருக்கிறார். போன சனிக்கிழமை என் சின்ன மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கைக்குக் கீழே கிழித்துக்கொண்டான். கைட்ஸ் வகுப்பு முடிந்து யூனிஃபார்மோடு அப்போதுதான் வந்த இவள், முதலுதவி எல்லாம் படித்தவள், 'அம்மா, அம்மா' என்று கத்திக்கொண்டு நின்றாள். நான் ஓடிவந்து காப்பித்தூளை அப்பிக் கட்டினேன். 'கழுத்தில் இருந்த ஸ்கார்ஃபை எடுத்துக் கட்டியிருக்கலாமே' என்று கேட்டால், 'கறை பட்டா மிஸ் திட்டுவாங்க' என்கிறாள். 'இதுக்கா வாரம் ரெண்டு மணி நேரம்? டென்த் வருது, நிறுத்து' என்கிறார் அவள் அப்பா. இவளோ ராஜ்ய புரஸ்கார் விருது வாங்கியே தீருவேன் என்கிறாள். நிறுத்திவிடலாமா? லாக் புக்கை நான் எழுதுவது அவ்வளவு பெரிய தப்பா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: கைட்ஸை நிறுத்த வேண்டாம். லாக் புக் எழுதுவதை நிறுத்துங்கள், இன்றைக்கே. ஆமாம், அது தப்புதான். ஆனால் நீங்கள் ஒருவர் மட்டும் செய்யும் தப்பு இல்லை, அதனால் ரொம்பக் கூனிக் குறுக வேண்டியதும் இல்லை. ரெக்கார்டு நோட்டு என்றாலே அம்மாவோ அக்காவோ வரைந்து கொடுப்பது நம் ஊரில் ஒரு குடிசைத் தொழில். பிள்ளை தூங்கிய பிறகு பத்து மணிக்கு ஸ்கெட்ச் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உங்கள் மகளுக்காக ஒரு வார்த்தை. அவள் உறைந்து நின்றதற்காக அவளைக் குத்திக்காட்டாதீர்கள். நிஜ ரத்தத்தை முதல் தடவை பார்க்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை அப்படித்தான் நிற்கும். அவள் கை இதுவரை ஒரு துணியை வைத்து அழுத்திப் பார்த்ததே இல்லை. பக்கம் பக்கமாக இருப்பது உங்கள் கையெழுத்து, அந்தக் கை காப்பித்தூளோடு ஓடியும் வந்தது. அவள் கைக்கு என்ன தெரியும், பாவம்.

ஸ்கார்ஃப் விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. அந்த முக்கோணத் துணி கழுத்தில் கிடப்பதே வெறும் அழகுக்காக இல்லை. பிரித்தால் உடைந்த கையைத் தாங்கும் தொட்டில், மடித்தால் காயத்துக்குக் கட்டு. அதில் கறை படக்கூடாது என்று ஒரு பிள்ளை நினைக்கிறாள் என்றால், அயர்ன் மடிப்பு கலையாமல் அணிவகுப்பில் நிற்பதுதான் கைட்ஸ் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதற்கு அவள் பொறுப்பில்லை.

நான் சாரணியாக இருந்தது எண்பதுகளில், ஒரு சின்ன டவுன் பள்ளியில். எங்கள் கேப்டன் கணக்கு டீச்சர், கணக்கில் எப்படியோ இதிலும் அப்படியே, விடை மட்டும் சரியாக இருந்தால் போதாது, வழியைக் காட்டணும். துவிதிய சோபானில் ஒரு தேர்வு உண்டு, உங்களுக்கே தெரியும், நீங்கள்தானே படம் வரைந்திருப்பீர்கள்: திறந்தவெளியில் விறகு அடுக்கி, இரண்டு தீக்குச்சிக்கு மேல் உரசாமல் பற்றவைத்து, இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி ஏதாவது சமைக்க வேண்டும். எங்களுக்கு அது ஐப்பசியில் வந்தது. முதல் நாள் இரவெல்லாம் மழை. நான் நோட்டுப் பேப்பரைக் கிழித்துச் சுருட்டி வைத்து, அதன்மேல் நல்ல தடியான கருவேல விறகாகப் பார்த்து அடுக்கி, குச்சியை உரசினேன். பேப்பர் எரிந்தது. பேப்பர் மட்டும் எரிந்தது. இரண்டாவது குச்சியும் போச்சு. 'அடுத்த வாரம் வா' என்றார் டீச்சர், கோபமே இல்லாமல். அடுத்த வாரமும் அதே கதை, விறகு மட்டும் கொஞ்சம் காய்ந்திருந்தது. மல்லிகை அணியில் ஆறு பேருக்கும் தீ பிடித்துவிட்டது, எங்கள் தாமரை அணியில் நான் மட்டும் பாக்கி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன்.

மூன்றாவது வாரம் பள்ளி ஆயாம்மா என் அடுப்பைப் பார்த்துவிட்டு, 'ஏன்டி, மரத்தடியில அவ்வளவு பன்னாடை கெடக்கு, பேப்பரைப் போயி கொளுத்துற?' என்றார். தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரி சுற்றிக்கொண்டிருக்குமே, அதுதான் பன்னாடை, நாம் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தும் சொல். அதைப் பிரித்துப் பஞ்சு மாதிரி உதிர்த்து அடியில் வைத்து, மேலே ஈர்க்குச்சி, அதன்மேல் விரல் கனத்தில் சுள்ளி, காற்று உள்ளே போக வழி விட்டுக் கூடாரம் மாதிரி சாய்த்து வைத்தேன். பெரிய விறகெல்லாம் கடைசியில்தான், தீ நின்று எரிய ஆரம்பித்த பிறகு. ஒரே குச்சி. அன்றைக்கு வைத்த அரிசி உப்புமா அடிப்பிடித்தது, டீச்சர் அதையும் சாப்பிட்டார். அந்த பேட்ஜ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் இன்றைக்கும் மழைநாளில் கோயில் பொங்கலுக்கு என் அடுப்புதான் முதலில் பிடிக்கும், அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

நான் அந்த இரண்டு வாரமும் தோற்றேன் என்பதை எங்கள் அம்மா யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, டீச்சரிடம் சிபாரிசுக்கும் வரவில்லை. அப்போது அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

இப்போது உங்கள் கடை அட்டைக்கு வருகிறேன். ஃபெவிகால் போட்டு ஒட்டிய முடிச்சு ஒருநாளும் அவிழாது, அதுதான் அதன் பிரச்சினை. ரீஃப் நாட் போடும்போது இடது மேல் வலது, அப்புறம் வலது மேல் இடது. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகவே போட்டால் பார்க்கக் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும், இழுத்தால் நழுவிவிடும். இந்த வித்தியாசத்தை எந்த அட்டையும் சொல்லித்தராது. காயக்கட்டுக்கு ரீஃப் நாட்டைச் சொல்வது அது தட்டையாகப் படியும், உறுத்தாது, வேண்டும்போது சுலபமாக அவிழும் என்பதால்தான். அதே முடிச்சைப் பாரம் தூக்க நம்பக்கூடாது. இதெல்லாம் கையால் போட்டு, இழுத்து, ஒருதடவை ஏமாந்து தெரிந்துகொள்வது. கடை அட்டையைத் தூக்கிப் பரணில் போடுங்கள். இரண்டு மீட்டர் நூல் கயிறு வாங்கிக் கொடுங்கள். துணி காயப்போடும் கொடியை அவளைக் கட்டச் சொல்லுங்கள், கம்பத்தில் குளோவ் ஹிட்ச் போட்டு முனையை இன்னொரு சுற்று இறுக்கட்டும். தடிக் கயிறும் மெல்லிய கயிறும் சேர வேண்டிய இடத்தில் ஷீட் பெண்ட் போடட்டும். உங்கள் ஈரப் புடவை தரையில் விழுந்தால் அவளே திரும்பத் துவைக்க வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் முடிச்சு சரியாகிவிடும்.

முதலுதவிக்குத் தம்பியை நோயாளியாக்கலாம், காயம் என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் பத்து நிமிடம் அழுத்த வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்று. நிற்காமல் வந்தால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரி. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள், எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். நிஜத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே கை எடுத்துப் பார்க்கத் துடிக்கும்.

அப்புறம், சொல்லாமல் விட முடியவில்லை: காப்பித்தூள் வேண்டாம். மஞ்சள்தூளும் வேண்டாம். என் பாட்டியும் அதைத்தான் வைத்தாள், எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, இருந்தாலும் வேண்டாம். உள்ளே அழுக்குச் சேரும், டாக்டர் அதை நோண்டி நோண்டிக் கழுவ வேண்டிவரும். ரோட்டில் விழுந்த காயத்தில் மண் இருக்கும், குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸுக்கான டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பார்த்து, டாக்டரிடம் காட்டுங்கள். இதுவரை காட்டவில்லை என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

லாக் புக்குக்கு வழி இதுதான். இதுவரை நீங்கள் எழுதியதைக் கிழிக்க வேண்டாம். அடுத்த பக்கத்திலிருந்து அவள் எழுதட்டும், கோணல் எழுத்தில், செய்ததை மட்டும். 'இன்று அடுப்பு பிடிக்கவில்லை, விறகு ஈரம்' என்று ஒரு வரி இருந்தால் அது போதும். மிஸ் கேட்டால் உண்மையைச் சொல்லட்டும். கைடு சட்டம் ஒன்பதில் முதலாவதே நம்பத்தகுந்தவளாக இருப்பது. வாராவாரம் அதை ஒப்பிக்கும் பிள்ளை, அம்மா எழுதிய நோட்டைத் தன்னுடையது என்று நீட்டும்போது என்ன நினைப்பாள்? ஒன்றும் நினைக்க மாட்டாள் என்றால் அது இன்னும் மோசம்.

ஒருவேளை துவிதிய சோபான் இந்தத் தடவை தள்ளிப்போகலாம். போகட்டும். ராஜ்ய புரஸ்கார் கவர்னர் பெயரில் வரும் விருது, அதற்கு முன்னால் மூன்றாம் படியான திரிதிய சோபான் வேறு பாக்கி இருக்கிறது, விருதுக்கான தேர்வு முகாமில் அவளைச் சோதிக்க உங்கள் பள்ளி மிஸ் வரப்போவதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கயிற்றைக் கையில் கொடுத்து 'கட்டும்மா' என்பார். அங்கே நீங்கள் கூடப் போக முடியாது. இப்போது விழுந்து எழுவதுதான் மலிவு. பதினெட்டு வயது வரை கைடாக இருக்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை. பேட்ஜ் துணி என்ன, சாரணர் பொருள் விற்கும் இடத்தில் காசு கொடுத்தால் கிடைக்கும். 1909ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பையன்களின் சாரணர் பேரணி நடந்தபோது, யாரும் கூப்பிடாமலேயே சில பெண்பிள்ளைகள் தாங்களும் சாரணர்கள்தான் என்று வந்து நின்றார்கள். அவர்களுக்காக ஒரு இயக்கமே அடுத்த வருஷம்தான் வந்தது, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் தன் தங்கை ஆக்னஸிடம் அதை ஒப்படைத்தார். பேட்ஜ் கொடுக்க ஆள் வருவதற்கு முன்பே வந்துவிட்ட பிள்ளைகள் அவர்கள். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

மிஸ் மீது கோபப்பட வேண்டாம். பீரியட், பேப்பர் திருத்தல், எமிஸ் என்ற அரசின் ஆன்லைன் பதிவு எல்லாம் போக மிச்ச நேரத்தில் கைடு கேப்டன் வேலை. முப்பது பிள்ளைகளுக்கு ஒருவர் எத்தனை அடுப்பைப் பார்ப்பார்? 'ஒரு சனிக்கிழமை நான் வந்து உதவட்டுமா, சமையல் தேர்வுக்கு மேற்பார்வை பார்க்கிறேன்' என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். ஒரே நிபந்தனை, போனால் எந்தப் பிள்ளையின் அடுப்பையும் நீங்கள் ஊதக்கூடாது. கஷ்டம்தான், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு: டென்த்துக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது சார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு பிள்ளையின் மார்க்கைக் கெடுத்ததாக நான் பார்த்ததில்லை, போன் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு மூன்று மாதம் விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. சமையல் பேட்ஜ் எதற்கு, அதுதான் வீட்டிலேயே கற்றுக்கொள்வாளே என்று தோன்றினால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், சாரணர் பையன்களுக்கும் அதே அடுப்பு உண்டு. சைக்கிளில் விழுந்த உங்கள் மகனுக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால் இப்போதே சின்னப் பையன்களுக்கான கப் பிரிவில் சேர்க்கலாம்.

ஸ்கார்ஃபில் நாளைக்கு ரத்தம் பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கொஞ்சம் உப்புப் போட்டுக் கசக்கினால் போய்விடும். வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கறை நின்றுவிடும். இதையும் அவளே செய்யட்டும்.