கொம்பனியள் அரசியல் விசயத்தில வாய் திறக்கலாமோ?

இதைக் கேக்கிற நீங்கள் ஏதோ ஒரு ஒபிசில வேலை செய்யிறீங்கள் போல, கொம்பனி பேஸ்புக்கில என்னத்தையோ போட்டிட்டுது, சிநேகிதர் உங்களைப் பிடிச்சுக் கேக்கினம், அப்பிடித்தானே. நான் விசுவமடுப் பக்கம் பலசரக்குக்கடை வச்சிருக்கிறன். எனக்கும் இது நடந்தது.

ஒரு சோடாக் கொம்பனி சும்மா ஒரு தகர போர்ட் அடிச்சுத் தந்தது. அவையின்ர பேர் ஆள் உயரத்துக்கு, என்ர கடைப்பேர் கீழ மூலையில, அதுவும் எழுத்துப்பிழையோட. சரி, சும்மா வந்தது எண்டு கொழுவிட்டன். மே 18, போரில செத்த சனத்தை நாங்கள் நினைக்கிற நாள், வருசாவருசம் கடை வாசலில கஞ்சி காய்ச்சிறனாங்கள். அரிசி, தண்ணி, உப்பு, 2009இல முள்ளிவாய்க்காலில லைனில நிண்டு வாங்கிக் குடிச்சதுதான், சிரட்டையில ஊத்திக் குடுப்பம். அந்த முறை கிடாரம் வச்சது போர்டுக்குக் கீழ. விடிஞ்சா மே 19, அரசாங்கம் படைவீரரை நினைக்கிற நாள், கொம்பனி தன்ர பேஜில சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் வீரர்களுக்கு நன்றி எண்டு போட்டிட்டுது, எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் அதையும் என்ர கஞ்சிக் கிடாரப் படத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் போட, பின்னேரம் சீனி வாங்க வந்த ஆச்சி ஒராள், மாத்தளனில மகனைக் குடுத்தவ, போர்டையே பாத்துக்கொண்டு நிண்டு "தம்பி இது உன்ர கடையோ அவங்கட கடையோ" எண்டா. சீனி வாங்காமலே போட்டா.

போர்டைத் தறப்பாளால மூடினன். அடுத்த கிழமை சேல்ஸ் தம்பி வந்து, "அண்ணை, அது கொழும்பில மார்க்கெட்டிங் ஆக்கள் போட்டது, ஆனா கடையில அரசியல் செய்ய வேண்டாமாம்" எண்டான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவை போட்டா நன்றி, நான் காய்ச்சினா அரசியல்!

இயக்கம் கியக்கம் எண்டு கீழ ஒருத்தரும் தொடங்க வேண்டாம், நான் ஒரு கட்சிக்கும் ஆளில்லை. அவை நன்றி சொல்லக்கூடாது எண்டும் நான் சொல்லேல்லை. 2018இல நைக், தேசிய கீதத்துக்கு முழங்கால் போட்ட அமெரிக்க ஃபுட்போல்காரன் கேப்பர்னிக்கை விளம்பரத்தில போட்டது, சனம் சப்பாத்தைக் கொளுத்திச்சுது, கொளுத்தினது நைக்கின்ர சப்பாத்தைத்தானே, அடியை நைக்தானே வாங்கிக் கட்டினது. இஞ்ச 2013இல பொதுபல சேனா எண்ட சிங்கள பௌத்த அமைப்பு சத்தம் போட, உள்ளூரில விக்கிற சாமான்களில ஹலால் முத்திரை எடுபட்டுது, அப்ப இந்தப் பெரிய கொம்பனியளில எத்தினை பேர் வாய் திறந்தவை? பலமான பக்கம் நிக்கிறதுக்கு நிலைப்பாடு எண்டு பேரோ.

கடைசியில சோடாக் கொம்பனிக்காரர் தாங்கள் தந்த கூலரையும் ஏத்திக்கொண்டு போட்டினம். அந்தக் கூலருக்கு ரெண்டு வருசமாக் கரண்ட் பில் கட்டினது நான், அவையின்ர சோடாவைத் தவிர ஒரு தயிர்ச் சட்டி வைக்கவும் விடேல்லை, அதை ஆரட்டைச் சொல்லுறது?

போர்ட் இப்ப கோழிக்கூட்டுக்குக் கூரை. நல்ல தகரம், மாரிக்கும் ஒழுகேல்லை.