நடைபாதை, சைக்கிள் பாதைப் பாதுகாப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பொதுப் பாதைகளைப் பராமரிக்கும் தன்னார்வக் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, விடியற்காலையில் தனியாக ஓடுகிறேன். பாதை முழுக்கப் பளீரென்று விளக்கு போட்டால் பயம் தீருமா?

பதில்: தீராதும்மா. கம்பத்தடியில் கண் கூசும் வெளிச்சம், அடுத்த கம்பம்வரை கும்மிருட்டு என்றால் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சத்தில் பழகிய கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நீங்கள் எல்லோர் கண்ணிலும் படுவீர்கள், மறைந்து நிற்பவர் உங்கள் கண்ணில் படமாட்டார். மிதமான விளக்கு போதும். சீராக இருக்கட்டும், எதிரே வருபவர் முகம் தெரியட்டும்.

விளக்கைப் பற்றி யோசிக்கும் முன் புதரைக் கவனியுங்கள். பாதையோரச் செடி 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, மரக்கிளை 2 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. நடுவில் பார்வை தடையில்லாமல் ஓடும். ஒரு வளைவில் நாங்கள் புதரை வெட்டியபோது உள்ளே ஒரு மரப்பெஞ்சே இருந்தது! தினமும் அதைக் கடந்துபோனவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆள் ஒளிய அவ்வளவு இடம். இடத்தின் அமைப்பைக் கொண்டே குற்றத்தைத் தடுக்கும் இந்த முறைக்கு 1971-இல் பெயர் வைத்தவர் அமெரிக்கக் குற்றவியலாளர் சி. ரே ஜெஃப்ரி.

கேள்வி: கேமரா வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். ஆனால் கேமரா பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகுதான் உதவும். பாதையில் ஆள் நடமாட்டம் கூடினால் அதைவிடப் பலம்.

கேள்வி: பின்னாலிருந்து சைக்கிள் சத்தமில்லாமல் உரசிக்கொண்டு போகிறது. யார் மேல் தப்பு?

பதில்: பெல் அடிக்காதவர் மேல். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். சுதாரிக்க இரண்டு நொடி ஆனால், பிரேக்கைத் தொடுமுன்பே 16 மீட்டர் போய்விடும். ஆளை நெருங்கிய பிறகு அடிக்கிற பெல் அவரைத் திடுக்கிட வைக்கும், அவ்வளவுதான்; தூரத்திலேயே அடியுங்கள். குழந்தை தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். நடப்பவர்களே, பாதையை அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள், ஒரு காதாவது திறந்திருக்கட்டும்.

கேள்வி: பைக் நுழையாமல் பாதை நடுவில் இரும்புக் கம்பம் நடலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். கூட்டமாக வரும்போது முன்னால் போகிறவர் கம்பத்தை மறைத்துவிடுவார், பின்னால் வருபவர் அதில் மோதுவார். நுழைவில் பாதையை இரண்டாகப் பிரித்து நடுவே தாழ்வான செடி வையுங்கள். கம்பம்தான் வழி என்றால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், கழற்றக்கூடியதாகவும் இருக்கட்டும்.

கேள்வி: யாராவது விழுந்துவிட்டால் இடத்தை எப்படிச் சொல்வது?

பதில்: கணுக்கால் உடைந்து கிடந்த ஒருவருக்காக நான் போன் செய்திருக்கிறேன். "ஓடைக்குப் பக்கத்தில், பெரிய மரத்தடியில்" என்றேன். அந்தப் பாதை நெடுக ஓடை, நெடுக மரம். அவர் வலியில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், எனக்கோ இடம் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் பாதையோரத்தில் இடத்தைக் காட்டும் எண் பலகைக்காக இவ்வளவு மன்றாடுகிறேன். அரை கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும். அந்த எண்ணும், பக்கத்தில் வண்டி நுழையும் வழியும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த கேட் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்பதையும் இந்த வாரமே விசாரித்து வையுங்கள்.