மூன்றாவது பாடவேளைக்குள் தொண்டை கட்டிவிடுகிறது என்றால்

முதலில் பேசும் விதத்தை மாற்றுங்கள். சுக்கும் மிளகும் அப்புறம். ஐ.டி. வேலையை விட்டு பி.எட். சேர்ந்து, கற்பித்தல் பயிற்சியின் இரண்டாவது வாரத்திலேயே குரல் கம்மிவிட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் கரும்பலகைதான். எழுதிக்கொண்டே பேசினால் குரல் சுவரோடு போய்விடும். கடைசி பெஞ்சுக்காகக் கத்த வேண்டிவரும். எனக்கும் முதல் மாதம் அதே கதிதான்.

நாளை ஒரு வகுப்பில் எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி நின்றபின் பேசிப் பாருங்கள். இரைச்சல் எழுந்தால் அதை மிஞ்சிக் கத்தாமல் இரண்டு முறை கைதட்டுங்கள். கிசுகிசுப்பாகப் பேசுவது தொண்டைக்கு ஓய்வு ஆகாது, அதையும் தவிருங்கள்.

மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆசிரியர்களுக்குக் குரல்நாணில் முடிச்சு விழுவதுண்டு.