சைவக் கேள்வி பதில்: காற்றைப் பிடிக்கும் கணக்கு

கேள்வி: செத்தவீட்டில் 'ஊரெல்லாம் கூடி ஒலிக்க அழுதிட்டு' என்று படிக்கிறார்கள். யோகாசன வகுப்பிலோ 'உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே' என்கிறார்கள். இரண்டும் திருமந்திரமாமே, முரண்படவில்லையா? (வாசகர், ஆரையம்பதி)

பதில்: முரண் இல்லை. இரண்டையும் வேறு வேறு இடத்தில் கேட்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. ஒன்பது தந்திரங்கள் (பெரும் பகுதிகள்) கொண்ட நூலில், முதலாம் தந்திரத்திலேயே யாக்கை (உடம்பு) நிலையாமை, செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, உயிர் நிலையாமை என்று வரிசையாக வைத்துவிடுகிறார் திருமூலர். அட்டாங்க யோகம் மூன்றாம் தந்திரத்தில்தான் வருகிறது. இந்த வரிசையை மாற்றிப் படிக்கக் கூடாது. உடம்பு நில்லாது என்று முதலில் உறைக்க வேண்டும், பிறகுதான் அதைக் காக்கும் வழி.

நீங்கள் கேட்கும் முதற்பாடலைக் கிட்ட வைத்துப் பாருங்கள்:

ஊரெல்லாம் கூடி ஒலிக்க அழுதிட்டுப்
பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டுச்
சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு
நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே

இரண்டாம் அடிக்கு உரை தேவையில்லை. நேற்று மாலை வரை 'அப்பா', 'மாஸ்டர்', 'பெரியண்ணன்'. இன்று காலை வாசலில் வந்து நிற்பவர் 'பொடி (உடல்) எத்தனை மணிக்கு எடுப்பாங்க?' என்று கேட்கிறார். அன்பில்லாமல் கேட்கவில்லை, ஊர் வழக்கே அதுதான். அந்த வழக்கைத்தான் பாடல் அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

'உடம்பார் அழியில் உயிரார் அழிவர், திடம்பட மெய்ஞ்ஞானம் சேரவும் மாட்டார்' என்று தொடங்கி, நீங்கள் கேட்ட 'உடம்பை வளர்த்தேன்' என்ற அடியில் முடியும் பாட்டு அதற்கு மறுப்பு அல்ல. பேர் நீங்குவதற்குள் ஞானம் சேர வேண்டும், அதுவரை உடம்பு தாங்க வேண்டும் என்பதே அதன் அவசரம். உடம்பை வளர்ப்பது அழகுக்காகவோ நீண்ட ஆயுளுக்காகவோ மட்டும் என்று வகுப்பில் சொன்னால், பாட்டின் பாதியை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: 16, 64, 32 என்ற கணக்கில் பிராணாயாமம் செய்து பார்த்தேன். மூச்சு முட்டுகிறது, தலை சுற்றுகிறது. என்ன பிழை? (வாசகி, காரைதீவு)

பதில்: உடனே நிறுத்துங்கள். கணக்கு சரி, தொடங்கிய இடம்தான் பிழை.

பாடல் இது: 'ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால், ஆறுதல் கும்பம் அறுபத்து நாலதில், ஊறுதல் முப்பத் திரண்டதி ரேசகம்.' இடநாசியால் 16 மாத்திரை உள்ளிழுத்தல், 64 நிறுத்தல், 32 வெளிவிடுதல். மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கைநொடிக்கும் பொழுது. நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்து விநாடியாக எண்ணியிருந்தால் ஒரு சுற்று 112 விநாடி, அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சை அடக்கியிருக்கிறீர்கள். பழகாத நெஞ்சு இதைத் தாங்காது. இது தேர்ந்தவருக்குரிய அளவு. புதியவர் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் விகிதத்தை, அதையும் படிப்படியாக.

காலையில் பிளேன்ரீ குடிக்க முன், வெறுவயிற்றில், முதுகு நிமிர்ந்து பாயில் அமருங்கள். வலக்கைப் பெருவிரலால் வலநாசியை மூடி, இடநாசியால் 4 எண்ணும் வரை இழுங்கள். நிறுத்த வேண்டாம். மோதிரவிரலால் இடநாசியை மூடி, வலநாசியால் 8 எண்ணும் வரை விடுங்கள். பிறகு வலநாசியால் இழுத்து இடநாசியால் விடுங்கள். இப்படி ஆறேழு சுற்றுப் போதும். பல வாரம் இதில் நின்று, மூச்சு ஓசையின்றி ஓடத் தொடங்கிய பிறகே 4-4-8 (இழுத்தல், நிறுத்தல், விடுதல்). அதற்குப்பின் 4-8-8, கடைசியில் 4-16-8. நிறுத்தும் அளவைக் கூட்டும் கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆசான் இருக்க வேண்டும்.

பிழையைக் காட்டித் தருவது வெளிமூச்சுத்தான். 8 எண்ணுவதற்குள் காற்று 'புஸ்' என்று ஓடிவிட்டால், நிறுத்தியது அதிகம். அடுத்த மூச்சை அவசரமாக அள்ளத் தோன்றினாலும் அப்படியே. தோள் மேலே ஏறினால் நெஞ்சின் மேற்பகுதியால் மட்டும் இழுக்கிறீர்கள், வயிறு அசைய வேண்டும். தலை சுற்றுவது சித்தி வரும் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரஷர், இருதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகம் (மூச்சை நிறுத்துதல்) செய்யவே கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் அடக்கம் செய்வதுதான் வழக்கம். 'சுட்டிட்டு' என்று பாடுகிறாரே, திருமூலருக்கு அடக்கம் உடன்பாடில்லையா? (வாசகர், தம்பிலுவில்)

பதில்: அந்தப் பாட்டு கண்டதைச் சொல்கிறது, விதி வகுக்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பல ஊர்களில் அடக்கமே வழக்கம், அதில் குறையொன்றும் இல்லை. ஏழாம் தந்திரத்தில் 'சமாதிக் கிரியை' என்ற பகுதியில், ஞானியின் உடலைத் தீயில் இடக் கூடாது என்றே கண்டிப்பாகச் சொல்கிறார்.

குழிக்கு அளவும் தருகிறார்: ஆழம் ஒன்பது சாண், சுற்றிலும் ஐந்து சாண், உள்ளே முக்கோணமாக மூன்று சாண் குகை. சாணுக்கு 9 அங்குலம் வைத்தால் ஆழம் ஏறத்தாழ 6¾ அடி. உடலைக் கிடத்துவதில்லை, பத்மாசனத்தில் இருத்துவது. அடியில் பஞ்சலோகமும் நவமணியும் பரப்பி, ஆசனம் இட்டு, முஞ்சிப்புல், திருநீறு, பொற்சுண்ணம் இடச் சொல்கிறார். இடமும் பல: மனைப்பக்கம், சாலை, குளங்கரை, ஆற்றிடை, பூஞ்சோலை, காடு, மலைச்சாரல். இவை எல்லாம் யோக நிலையில் உடல் விட்டவருக்கு. நம் வீட்டுப் பெரியவருக்கு ஊர் முறையே போதும், இந்த அளவுகளைத் தேடி அலைய வேண்டாம்.

சுண்ணம் பற்றி ஒன்று. செத்தவீட்டுக் கிரியையில் சுண்ணம் (மணப்பொடி) இடிக்கும்போது பாடும் திருப்பொற்சுண்ணம் மாணிக்கவாசகருடையது, 20 பாடல். இறைவன் நீராடப் பெண்கள் பொற்பொடி இடிப்பதாகப் பாடியது. அழுகைக்கு நடுவே அந்த மங்கலப் பாட்டு வருவதில்தான் சைவரின் சாவு பற்றிய எண்ணம் முழுதும் இருக்கிறது. நேரமில்லை என்று இருபதையும் விழுங்கி ஓடுவதைவிட, மூன்று நான்கு பாடல்களை உலக்கைப் போட்டுக்கு இசைய நிறுத்திப் பாடுங்கள்.

கேள்வி: 'காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்குக் கூற்றை உதைக்கும் குறியது வாமே' என்று திருமந்திரம் சொல்கிறதே. மூச்சை அடக்கத் தெரிந்தவர் கூற்றை (எமனை) உதைப்பார் என்றால் சாவே வராதா? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: உடல் விழும், சாவின் பயம் விழுந்துவிடும் என்பதே பொருந்தும் பொருள். திருமூலர் கதையையே பாருங்கள். கயிலையிலிருந்து வந்த யோகி, மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் கண்டு இரங்கி அவன் உடலில் புகுந்தார். திரும்பிப் போனபோது மறைத்து வைத்த தன் உடல் அங்கே இல்லை. அதற்காக அவர் அழுததாகப் பெரியபுராணம் சொல்லவில்லை.

கேள்வி: நீங்கள் தரும் பாடல்களை என் புத்தகத்தில் எந்த எண்ணில் தேடுவது? (வாசகி, கல்முனை)

பதில்: பதிப்புக்குப் பதிப்பு எண் சற்று மாறும். தலைப்பைத் தேடுங்கள்: 'யாக்கை நிலையாமை' முதலாம் தந்திரம், 'பிராணாயாமம்', 'காயசித்தி உபாயம்' மூன்றாம் தந்திரம், 'சமாதிக் கிரியை' ஏழாம் தந்திரம்.